இரு நஞ்சுகள்

நுழையும்முன்

ஒரே நாளில் பல உயிர்களைப் பறிக்கும் நஞ்சை எல்லாரும் அஞ்சுகின்றனர். பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டு ஓர் உயிரைப் பறிக்கும் நஞ்சை அஞ்சுவோர் சிலரே. முன்னது செய்தியாகிறது, பின்னது பழக்கமாகிவிடுகிறது. இவ்விரண்டும் உடலுக்குள் எவ்வாறு செயற்படுகின்றன என்பதை மரக்காணக் கடற்கரையில் நின்று ஆராய்கிறது இவ்வுரைநடை.

உப்பு விளையும் கரை

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது கிளியனூர். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்த அவ்வூரிலிருந்து கிழக்கே செல்லச் செல்ல வயல்வெளி குறைந்து, நீர் பரந்த கழுவெளி தோன்றும். அதனையும் கடந்தால் மரக்காணம். அங்கே கண்ணுக்கெட்டிய தொலைவுவரை பாத்தி பாத்தியாக உப்பளங்கள். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டும் என்பதால், விடியலுக்கு முன்பே தொழிலாளர்கள் பாத்திகளில் இறங்கிவிடுகின்றனர். உப்பு வாரும் பலகையை இழுக்கும் ஓசை இருளில் கேட்கத் தொடங்கும். கதிரவன் எழுந்தபின் வெண்ணிறக் குவியல்களில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கூசச் செய்யும். ஒருபுறம் உப்பளம், மறுபுறம் மீனவர் குப்பங்கள். இரண்டும் உடலை முதலாகக் கொண்ட தொழில்கள்.

இக்கரை இலக்கியத்திலும் இடம்பெற்றது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் குறிப்பிடும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் கருத்து. அப்பட்டினத்திற்கு வரும் பாணர்க்கு, நுளையர் மகள் அரித்தெடுத்த பழைய தேறலைப் பரதவர் அளித்து உபசரிப்பர் என்று அந்நூல் கூறுகிறது. ஆகவே இக்கரையில் மது புதியது அன்று. ஆயினும் அன்றைய தேறலும் இன்றைய புட்டியும் ஒன்றல்ல. இயற்கையாகப் புளிக்கும் கள்ளில் ஆல்ககாலின் அளவு பெரும்பாலும் ஒற்றை இலக்க விழுக்காட்டிலேயே இருக்கும். காய்ச்சி வடிக்கப்பட்டு இன்று கடைகளில் விற்கப்படும் மதுவகைகளில் அது 42.8 விழுக்காடு. பல குவளைகளில் இருந்தது இன்று சில மிடறுகளில் அடங்கிவிடுகிறது.

2023 மே மாதத்தில் இக்கரையின் பெயர் நாடெங்கும் பேசப்பட்டது. மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் சிற்றூரில், மே 13ஆம் நாள் சாராயம் என எண்ணி வாங்கிக் குடித்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக மயங்கி விழுந்தனர். சிலர் புதுச்சேரி மருத்துவமனைகளுக்கும் சிலர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் கொண்டு செல்லப்பட்டனர். அதே நாள்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இத்தகைய இறப்புகள் நேர்ந்தன. இரு மாவட்டங்களிலும் சேர்த்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்கள் குடித்தது காய்ச்சிய சாராயமே அன்று. தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் கலந்த நீர்மம் என்று காவல்துறை அறிவித்தது. ஓராண்டு கழித்து, 2024 சூன் மாதத்தில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே மெத்தனால் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது.

பார்வையைப் பறிக்கும் நஞ்சு

மெத்தனால், எத்தனால் ஆகிய இரண்டும் ஆல்ககால் குடும்பத்தைச் சேர்ந்தவை. மதுவில் இருப்பது எத்தனால். வண்ணப்பூச்சு, கரைப்பான் முதலிய தொழில்களில் பயன்படுவது மெத்தனால். இரண்டும் நிறமற்றவை, மணத்தால் வேறுபடுத்தி அறிதல் அரிது. குடித்தவுடன் தோன்றும் மயக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு கல்லீரலில்தான் வெளிப்படுகிறது.

உடலுக்குள் சென்ற மெத்தனாலை ஆல்ககால் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அது விரைவில் ஃபார்மிக் அமிலமாகிறது. எறும்பின் கடியில் சுருக்கெனத் தைப்பதும் இவ்வமிலமே. குருதியில் இது பெருகும்போது, செல்களின் ஆற்றல் கூடமாகிய மைட்டோகாண்டிரியா ஆக்சிசனைப் பயன்படுத்த முடியாமல் போகிறது. ஆக்சிசன் அருகிலிருந்தும் செல்கள் மூச்சுத் திணறுகின்றன. மிகுந்த ஆற்றல் வேண்டும் கண் நரம்பே முதலில் தாக்கப்படுகிறது. பார்வை மங்குகிறது, பனிமூட்டத்தில் நிற்பதுபோல் எல்லாம் வெளுத்துத் தெரிகின்றன. வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் எனத் தொடர்ந்து, மருத்துவம் கிடைக்காவிடில் இறப்பில் முடிகிறது. உயிர் பிழைத்தவர் பலர் பார்வையை இழக்கின்றனர்.

இம்மாற்றத்திற்குப் பல மணி நேரம் ஆகும். குடித்தவர் இரவு நலமாகவே வீடு திரும்புவார். மறுநாள்தான் துன்பம் தொடங்கும். 'நேற்றுக் குடித்தது நேற்றோடு போயிற்று' என்று எண்ணி மருத்துவமனைக்குச் செல்லத் தாமதிப்போர் உயிரிழப்பதற்கு இவ்விடைவெளியே காரணம். கள்ளச்சாராயம் குடித்தவர் நலமாக இருப்பதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட வேண்டும்.

மருத்துவர்கள் இந்நஞ்சை முறிக்கும் வழி வியப்பூட்டுவது. ஃபோமெபிசோல் என்னும் மருந்தால் அந்நொதியைத் தடுப்பர். அம்மருந்து இல்லாவிடின், அளவறிந்து எத்தனாலையே செலுத்துவதும் உண்டு. நொதி மெத்தனாலைவிட எத்தனாலையே முதலில் பற்றிக்கொள்ளும். அது எத்தனாலோடு ஈடுபட்டிருக்கும் வேளையில், மெத்தனால் நஞ்சாக மாறாமல் உடலைவிட்டு வெளியேறும். குருதித் தூய்மிப்பு அதனை விரைவுபடுத்தும். இது மருத்துவமனையில் குருதிச் சோதனையோடு செய்யப்படும் சிகிச்சை. வீட்டில் மது கொடுப்பது உயிரை மாய்க்கும்.

இங்கே ஓர் உண்மை புலப்படுகிறது. இரண்டு ஆல்ககால்களையும் பற்றுவது ஒரே நொதி. மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக மாற்றும் அந்நொதி, எத்தனாலை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சே. முன்னது சில மணி நேரத்தில் வேலையை முடிக்கிறது, பின்னது அவசரப்படுவதில்லை.

"கடையில் வாங்கியதுதானே!"

கள்ளச்சாராய இறப்புகள் நிகழும்போதெல்லாம் ஊர்தோறும் ஒரு பேச்சு எழும். 'கடையில் வாங்கிக் குடித்திருந்தால் இந்நிலை வந்திருக்காது' என்பதே அது. மெத்தனாலைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் அப்பேச்சு, கடையில் வாங்கியது கேடற்றது என்னும் நம்பிக்கையையும் உடன் விதைத்துவிடுகிறது.

கிளியனூரிலிருந்து விடியுமுன் வேனில் ஏறி மரக்காணம் உப்பளத்திற்குச் செல்லும் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருக்குப் பெயர் வேண்டா. அவரைப்போல் பலர் உளர். நாற்பது வயது, உழைப்பில் குறைவைக்காதவர், மகள் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். இரவு எட்டு மணிக்கு ஒரு குவார்ட்டர் குடிப்பார். யாரோடும் சண்டையிடமாட்டார்; உண்டு உறங்கிவிடுவார். மனைவி கண்டித்தால் அவரிடம் ஒரு விடை எப்போதும் உண்டு: "நான் என்ன கள்ளச்சாராயமா குடிக்கிறேன்? கவர்மெண்டு கடையில வாங்கினதுதானே!"

அவருடைய இரவைக் கணக்கிட்டால் உண்மை விளங்கும். குவார்ட்டர் என்பது 180 மில்லிலிட்டர். அதில் 42.8 விழுக்காடு ஆல்ககால் எனில், தூய எத்தனால் ஏறத்தாழ 77 மில்லிலிட்டர். எடை ஏறத்தாழ 61 கிராம். நலமான கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் எத்தனாலையே சிதைக்க வல்லது. தேநீரோ மோரோ எலுமிச்சைச் சாறோ அவ்வேகத்தைக் கூட்டுவதில்லை. குளிர்ந்த நீரில் குளிப்பதும் கூட்டுவதில்லை. ஆகவே எட்டு மணிக்குக் குடித்தது முற்றிலும் நீங்க 6 முதல் 9 மணி நேரம் வேண்டும். அவர் மூன்று மணிக்கு எழுந்து வேனில் ஏறும்போதும், பாத்தியில் இறங்கும்போதும் அவருடைய குருதியில் மது எஞ்சியிருக்கலாம். இரவு முழுதும் அவர் உறங்கினார், கல்லீரல் உறங்கவில்லை. மறுநாளும் எட்டு மணிக்கு அதே அளவு காத்திருக்கிறது.

நாள்தோறும் இவ்வாறு சுமை ஏறும் கல்லீரலில் முதலில் கொழுப்புப் படிகிறது. வலியோ வேறு அறிகுறியோ பெரும்பாலும் தோன்றாது. இந்நிலையில் குடியை நிறுத்தினால் கல்லீரல் சில வாரங்களிலேயே தேறிவிடும். நிறுத்தாவிடின் சிலருக்கு அழற்சி உண்டாகும். அழற்சி நீடித்தால் நலமான செல்கள் இருந்த இடத்தில் தழும்பு இழைகள் பரவும். கல்லீரல் சுருங்கிக் கெட்டிப்படும் இந்நிலையை இழைநார் வளர்ச்சி என்பர். அதன்பின் வயிற்றில் நீர் கோக்கும்; மஞ்சட்காமாலை தோன்றும்; உணவுக்குழாயின் குருதிக்குழாய்கள் புடைத்து வெடித்து வாயால் குருதி வெளிப்படும். பத்தாண்டுகள் அமைதி காத்த உறுப்பு பேசத் தொடங்கும்போது, கேட்பதற்குக் காலம் கடந்துவிட்டிருக்கும்.

உடலெங்கும் பரவும் தீங்கு

மதுவின் தீங்கு கல்லீரலோடு முடிவதில்லை. எத்தனாலிலிருந்து தோன்றும் அசிட்டால்டிஹைடு, செல்லின் மரபுப்பொருளாகிய டி.என்.ஏ.வைச் சிதைக்க வல்லது. சிதைவு சரிசெய்யப்படாமல் தங்கினால் செல் கட்டுப்பாடின்றிப் பெருகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மதுவை 1988ஆம் ஆண்டிலேயே முதல் வகைப் புற்றுநோய்க் காரணிகளுள் சேர்த்தது. புகையிலையும் கல்நாரும் இடம்பெற்றுள்ள வகை அது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்களுக்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பு உறுதிப்பட்டுள்ளது. மதுவோடு புகையிலையும் சேருமாயின் வாய், தொண்டைப் புற்றுநோய்களின் வாய்ப்புப் பன்மடங்காகிறது.

மது குருதி அழுத்தத்தை உயர்த்துகிறது. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கிறது. மூளைக் குருதிக்கசிவுக்கு வழிவகுக்கிறது. கணையத்தில் அழற்சியை உண்டாக்குகிறது. நீண்ட நாள் குடிப்போர்க்குத் தயமின் என்னும் உயிர்ச்சத்து குறைவதால் நரம்புகள் தளர்கின்றன, நினைவாற்றல் அழிகிறது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றுவதால் காசநோய் எளிதில் பற்றுகிறது. மருந்தை இடையில் நிறுத்துவதால் அந்நோய் முற்றுகிறது. கருவுற்ற பெண் குடிக்கும் மது கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது.

மதுவால் 2019ஆம் ஆண்டில் உலகில் 26 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களுள் ஏறத்தாழ 4 இலட்சம் பேரின் உயிரைப் பறித்தது புற்றுநோய். இறந்தவர்களுள் 13 விழுக்காட்டினர் 20 முதல் 39 வயதுக்கு உட்பட்டோர். 'அளவாகக் குடித்தால் இதயத்திற்கு நல்லது' என்னும் கூற்று நெடுங்காலம் வழங்கியது. உடல்நலத்திற்குக் கேடற்ற மது அளவு என ஒன்றில்லை என்று 2023 சனவரியில் அந்நிறுவனம் தெளிவாக அறிவித்தது. குறைவாகக் குடிப்பவருக்கு இடர் குறைவு. அளவு கூடக்கூட இடர் கூடும். இடரே இல்லாத அளவு இல்லை என்பதே அதன் பொருள்.

திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. கள்ளுண்பவர் எந்நாளும் நஞ்சுண்பவரே என்பது வள்ளுவர் கொண்ட கருத்து. 'எந்நாளும்' என்னும் காலக்குறிப்பு எண்ணத்தக்கது. ஒருநாள் உண்ட நஞ்சைப்பற்றி அவர் பேசவில்லை. நாள்தோறும் உண்ணப்படும் நஞ்சைப்பற்றியே பேசுகிறார். இரண்டு அதிகாரங்கள் கழித்து, 95ஆவதாக, மருந்து என்னும் அதிகாரத்தை அமைத்திருப்பதும் நினையத்தக்கது.

உழைக்கும் உடலும் மதுவும்

'உடம்பு வலி தாங்க முடியவில்லை. அதனால்தான் குடிக்கிறேன்' என்று உழைப்பாளர் கூறுவதுண்டு. அவ்வலி பொய்யன்று. உப்பு நீரில் நின்ற கால்களில் வெடிப்பு; குனிந்து நிமிர்ந்து இடுப்பில் நோவு; ஒளியில் கூசிக் களைத்த கண்கள். மழைக்காலத்தில் வேலையில்லை, அப்போது வாங்கிய கடனை வெயிற்காலத்தில் அடைக்க வேண்டும். இத்தகைய வாழ்வில் ஒருவர் மறதியைத் தேடுவது வியப்பன்று. ஆயினும் மது தருவதாகக் கூறும் ஓய்வை அது தருவதில்லை.

மது நரம்பு மண்டலத்தை மந்தப்படுத்துவதால் வலி உணரப்படாமல் போகிறது. வலிக்குக் காரணமான காயமும் களைப்பும் அப்படியே இருக்கின்றன. உறக்கம் விரைவில் வருகிறது; ஆனால் இரவின் பிற்பகுதியில் அது கலைந்து கலைந்து வருவதால் உடல் தேறுவதில்லை. மேலும், உடலின் நீரைக் காக்கும் இயக்குநீரை மது அடக்குவதால் சிறுநீர் மிகுதியாக வெளியேறுகிறது. நீரிழந்த உடலோடு அவர் விடியலில் உப்பளம் செல்கிறார். அங்கே வெயிலும் உப்புக் காற்றும் எஞ்சிய நீரையும் வியர்வையாக்குகின்றன. தலைச்சுற்றலும் தசைப்பிடிப்பும் தோன்றும்போது வெயிலின்மேல் பழி விழுகிறது. வெயிலோடு முந்தைய இரவும் அதற்குக் காரணம்.

மழை நாளில் பிராந்தி குளிரைப் போக்கும் என்பதும் இத்தகைய நம்பிக்கையே. மது தோலின் குருதிக்குழாய்களை விரிவடையச் செய்கிறது. உடலின் உள்ளே இருந்த வெப்பம் தோலுக்கு வருவதால் கதகதப்பு உணரப்படுகிறது. அவ்வெப்பம் வெளியேறிவிடுவதால் உடல் உண்மையில் குளிர்கிறது. அதிகாலையில் கடலுக்குச் செல்லும் மீனவர்க்கு இது பெரும் இடர். தடுமாறும் கால், தாமதமாகச் செயற்படும் கை, குளிர்ந்த உடல் ஆகிய மூன்றும் படகில் ஒன்றுசேரலாகாதவை.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு கணக்கு

நாம் எண்ணிப் பார்த்த தொழிலாளியின் மகள் ஒருநாள் தன் நோட்டுப் புத்தகத்தில் ஒரு கணக்கைப் போடுகிறாள். குடிக்காக ஒரு நாளைக்கு 150 ரூபாய் என வைத்துக்கொண்டால் மாதத்திற்கு 4,500 ரூபாய். ஆண்டுக்கு 54,750 ரூபாய். பத்தாண்டுகளுக்கு 5,47,500 ரூபாய். அதனைக் கூட்டிப் பார்த்தபின் மீண்டும் ஒருமுறை கூட்டிப் பார்க்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் செவிலியர் படிப்பில் சேர வேண்டும் என்பது அவள் விருப்பம். அதற்குப் பணமில்லை என்று வீட்டில் சொல்லப்பட்டிருந்தது.

அவள் அக்கணக்கை அப்பாவிடம் காட்டவில்லை. அம்மாவிடம் காட்டுகிறாள். அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது பணத்தோட கணக்கு. அவர் உடம்போட கணக்கை யாரும்மா போடுறது?" என்று கேட்கிறாள். குடிப்பவரின் வீட்டில் பெண்கள் நாள்தோறும் போடும் கணக்கு அது. அவர் எப்போது வருவார், எந்த நிலையில் வருவார், நாளை வேலைக்குப் போவாரா, அவருக்கு ஏதாவது நேர்ந்தால் என்ன செய்வது எனப் பல வரிகளைக் கொண்ட அக்கணக்கு எந்தப் புத்தகத்திலும் எழுதப்படுவதில்லை.

2023இல் கள்ளச்சாராயத்தால் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அரசு 10 இலட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது, வழக்குகள் பதியப்பட்டன, அமைச்சர்களும் அதிகாரிகளும் வந்தனர். கல்லீரல் கெட்டு ஐம்பது வயதில் இறப்பவரின் வீட்டிற்கு அவ்வாறு யாரும் வருவதில்லை. நாளிதழில் அவர் பெயர் இடம்பெறுவதில்லை. 'உடம்பு சரியில்லாமல் இறந்தார்' என்று மட்டும் ஊர் சொல்லும்.

குடியும் ஒரு நோய்

குடியை விடமுடியாதவரை மனவலிமை அற்றவர் என்று இகழ்வது எளிது. மருத்துவம் அவரை நோயர் என்றே கருதுகிறது. நாள்தோறும் மது பெறும் மூளை, அதற்கேற்பத் தன் இயக்கத்தை மாற்றிக்கொள்கிறது. முன்பிருந்த அளவு மயக்கம் தராததால் அளவு கூடுகிறது. திடீரென மது கிடைக்காவிடில் கைந்நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை, படபடப்பு ஆகியன தோன்றுகின்றன. கடுமையாகக் குடித்தவர்க்கு வலிப்பும் மனக்குழப்பமும் உண்டாகி உயிருக்கே இடர் நேரலாம். எனவே நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவரின் மேற்பார்வையிலேயே நிறுத்துதல் வேண்டும். குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் மருந்து கலந்து கொடுப்பது பேரிடர் விளைவிக்கும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டின் 104 என்னும் மருத்துவ உதவி எண்ணிலும், மனநலத்திற்கான 14416 என்னும் எண்ணிலும் கட்டணமின்றி அறிவுரை பெறலாம்.

சென்னையைச் சேர்ந்த சாந்தி ரங்கநாதன் குடிநோய்க்குக் கணவரை இளமையிலேயே பறிகொடுத்தவர். அக்காலத்தில் அந்நோயாளர்க்கெனத் தனிச் சிகிச்சை கிடைப்பது அரிதாயிருந்தது. தம் துயரை உள்ளேயே வைத்து வருந்தாமல், 1980ஆம் ஆண்டு கணவரின் பெயரால் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று மக்களால் அறியப்படும் அதில் பல்லாயிரவர் சிகிச்சை பெற்றுள்ளனர். நோயாளரோடு குடும்பத்தார்க்கும் ஆற்றுப்படுத்தல் அளிப்பது அதன் சிறப்பு. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. குடிநோயிலிருந்து மீள முடியும் என்பதற்கு அங்கிருந்து வீடு திரும்பியோர் சான்றாவர். அவர்களுள் சிலர் மீண்டும் குடித்து, மீண்டும் சிகிச்சைக்கு வந்து, பின்னர் மீண்டவர்கள். ஒருமுறை தவறியவர் மீளவே முடியாதவர் அல்லர்.

மறுக்கும் துணிவு

இந்திய அரசமைப்பின் 47ஆம் உறுப்பு, உடல்நலத்திற்குக் கேடான மதுவகைகளைத் தடைசெய்ய அரசு முயல வேண்டும் என்று கூறுகிறது. 1937ஆம் ஆண்டு இராசாசி தலைமையிலான அமைச்சரவை மதுவிலக்குச் சட்டம் இயற்றி, சேலம் மாவட்டத்தில் முதலில் நடைமுறைப்படுத்தியது. பின்னர் விலக்கு நீங்கியதும் மீண்டும் வந்ததுமாகத் தமிழ்நாட்டின் வரலாறு நடந்தது. இன்று தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவர்க்கு மது விற்றல் சட்டப்படி குற்றம். சட்டம் கடையின் வாயிலில் நின்று காக்கும். நண்பர் வீட்டு மொட்டைமாடியிலும் திருவிழா இரவிலும் காப்பது ஒருவரின் சொந்த முடிவே.

அவ்வாறு முடிவெடுத்த ஒருவனை மணிமேகலைக் காப்பியம் காட்டுகிறது. ஆதிரையின் கணவன் சாதுவன், பரத்தமையிலும் சூதிலும் பொருளை இழந்தவன். கப்பல் கவிழ்ந்து நாகர் வாழும் மலையை அடைந்தவன். துணையற்ற அவனுக்கு நாகர் தலைவன் பெண்ணும் கள்ளும் ஊனும் கொடுக்கச் சொல்கிறான். மறுத்தால் என்ன நேருமோ என அஞ்சத்தக்க சூழல் அது. சாதுவன் மறுத்தான், ஏன் மறுக்கிறான் என்பதையும் அவர்கள் மொழியிலேயே எடுத்துரைத்தான். தலைவன் சினக்கவில்லை, அவன் சொல்லைக் கேட்டான். முன்பு வழிதவறியவனே இங்கு உறுதியோடு நின்றான் என்பது எண்ணத்தக்கது.

பதினாறு, பதினேழு வயதில் மது குறிப்பாகத் தீங்கானது. முடிவெடுத்தலையும் தன்னடக்கத்தையும் ஆளும் மூளையின் முன்பகுதி இருபது வயதைக் கடந்தும் வளர்ந்துகொண்டிருக்கும். வளரும் மூளை மதுவுக்கு எளிதில் அடிமையாகும். இளமையிலேயே குடிக்கத் தொடங்கியவர் பின்னாளில் குடிநோயராகும் வாய்ப்பு மிகுதி.

கிளியனூர் மாணவியின் வீட்டிற்கு மீண்டும் வருவோம். ஒருநாள் காலை தேநீர்க் குவளையைப் பிடிக்கையில் அப்பாவின் கை நடுங்குவதை அவள் காண்கிறாள். நோட்டுப் புத்தகக் கணக்கை அவள் அப்போதும் எடுத்து நீட்டவில்லை. "அப்பா, ஒருநாள் என்னோட ஆஸ்பத்திரிக்கு வாங்க. ரத்தம் மட்டும் எடுத்துப் பாத்துட்டு வந்துடலாம்" என்கிறாள். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று அவர் இருமுறை சொல்கிறார். மூன்றாம் முறை அவள் கேட்டபோது விடை சொல்லாமல் சட்டையை எடுத்து மாட்டுகிறார்.

கல்லீரலில் கொழுப்புப் படிந்திருப்பதாகவும், இப்போது நிறுத்தினால் தேறிவிடும் என்றும் மருத்துவர் கூறுகிறார். வரும் வழியில் பேருந்தில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சாலையோரத்து மதுக்கடையைப் பேருந்து கடக்கும்போது அவர் கண்கள் அங்கே சென்று திரும்புகின்றன. மகள் மடியில் அடுத்த வாரம் வரவேண்டிய நாள் குறிக்கப்பட்ட மருத்துவமனைச் சீட்டு இருக்கிறது. அவர் அதை வாங்கித் தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்.